அரைப் பக்க வாழ்த்தும் ஆறு வருடக் கோப்பும்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் இருக்கும் சுங்கை சிப்புட்டில் நாங்கள் நடத்திய மாத இதழைப் பற்றிப் பேச்சு வந்தால், எல்லாரும் முதலில் கேட்பது "குண்டர் கும்பல் மிரட்டலையா?" என்பதுதான். மிரட்டினார்கள். நடு ராத்திரியில் போன் போட்டுத் திட்டினார்கள், ஆசிரியரின் மோட்டார் சைக்கிள் டயரைக் கிழித்தார்கள். அதற்கெல்லாம் போலீஸில் புகார் கொடுத்துவிட்டு அடுத்த இதழ் வேலையைப் பார்த்தோம். எனக்குத் தெரிந்து இந்த மாதிரிச் சிறு இதழ்களின் வாயை அடைப்பது தீபாவளி வாழ்த்து விளம்பரம். அதைப் பற்றி யாரும் கேட்பதில்லை என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

நான் கட்டுரை எழுதுகிறவள் இல்லை. ஈப்போவில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் கிராணி (குமாஸ்தா) வேலை. சாயங்காலமும் ஞாயிற்றுக்கிழமையும் இதழின் வரவுசெலவு, பிழைதிருத்தம், கோப்பு வேலை. ஆசிரியர் என் பெரியப்பா மகன். நிருபர் என்று சொல்லிக்கொள்ள இரண்டு பேர். ஒருவர் தோட்டத்தில் தண்டல் (மேற்பார்வையாளர்) வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், இன்னொருவர் லோரி ஓட்டுநர். ஊர் நடப்பு எங்களைவிட இவர்களுக்குத்தான் முதலில் தெரியும்.

1948 ஜூன் 16-இல் இங்கே மூன்று வெள்ளைக்காரத் துரைமார்கள் சுட்டுக் கொல்லப்பட்டதும் மலாயாவில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. அன்றைக்கு ஊர்ப் பெயர் உலகப் பத்திரிகைகளில் வந்தது. அப்புறம் தேர்தல் சமயத்தில்தான் வரும். 2008-இல் மலேசிய இந்தியர் காங்கிரஸ் தலைவர் ச. சாமிவேலு இங்கே தோற்றபோது வந்ததே, அந்த மாதிரி. கோலாலம்பூர் நாளிதழ்களில் எங்கள் லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) கால்வாய்க்கு இடம் கிடைக்காது, கிடைத்தாலும் நாலு வரி. 2008-க்குப் பிறகு ஊரில் எல்லாரும் அரசியல் பேச ஆரம்பித்திருந்தார்கள். அந்தச் சூட்டில் தொடங்கியதுதான் எங்கள் இதழ்.

பெர்மிட் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அச்சகங்கள் மற்றும் வெளியீடுகள் சட்டம் 1984-இன்படி, தொடர்ந்து வெளிவரும் இதழுக்கு உள்துறை அமைச்சின் பெர்மிட் வேண்டும். இல்லாமல் அச்சிட்டால் மூன்று வருடம் வரை சிறை, அல்லது 20,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது இரண்டுமே. 2012 திருத்தத்துக்கு முன் வருடாவருடம் புதுப்பிக்க வேண்டியிருந்தது, அதனால் வருடக் கடைசியில் ஆசிரியருக்குத் தூக்கம் இருக்காது. இப்போது புதுப்பிக்கும் தொல்லை இல்லை, ஆனால் ரத்து செய்யும் அதிகாரம் அமைச்சரிடம் அப்படியே இருக்கிறது. அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயரும் முகவரியும் மலாயிலோ ஆங்கிலத்திலோ இதழில் இருந்தாக வேண்டும். தமிழ் இதழ்தானே என்று தமிழில் மட்டும் போட்டால் செல்லாது.

எங்களுக்கு உண்மையான சிக்கல் அச்சகம்தான். கெட்ட எண்ணத்தோடு பொய்ச் செய்தி வெளியிட்டதாக வழக்கு வந்தால் எழுதியவர், ஆசிரியர், வெளியீட்டாளரோடு அச்சகக்காரரையும் அந்தச் சட்டம் இழுக்கும். திருமணப் பத்திரிகையும் கோயில் நோட்டீசும் அடித்துப் பிழைக்கிற மனுஷர் எதற்காக எங்களுக்காகக் கோர்ட்டு ஏற வேண்டும்? அதனால் சிக்கலான கட்டுரை இருக்கிற மாதம், ஆவணங்களின் நகலை அவர் மேசையில் வைத்து உட்கார்ந்து விளக்கிவிட்டுத்தான் பக்கங்களைக் கொடுப்போம். அவர் "சரி" என்று சொன்னால்தான் மெஷின் ஓடும். எங்கள் முதல் வாசகர் அவர்தான், ரொம்பக் கண்டிப்பான வாசகர்.

இப்போது விளம்பரத்துக்கு வருகிறேன். மலேசியாவில் சின்ன தமிழ் இதழ் ஒன்றை எடுத்துப் பாருங்கள், தீபாவளி மாதத்தில் இரட்டிப்பாகப் பருத்திருக்கும். சட்டமன்ற உறுப்பினர், மாவட்ட மன்ற உறுப்பினர், குத்தகையாளர் (காண்டிராக்டர்), நகைக்கடைக்காரர், லோரி முதலாளி, கோயில் தலைவர் என்று எல்லாரும் கைகூப்பிய படம். விற்பனைக் காசு கடைக்காரர் கமிஷனுக்கும் பெட்ரோலுக்கும் சரியாகப் போகும். அச்சுக் கூலி வருவது அந்த வாழ்த்துப் பக்கங்களில்தான். ஊழலைப் பற்றி எழுதும் இதழுக்கும், எழுதப்பட வேண்டியவர்களுக்கும் நடுவில் அந்தக் காசு நிற்கிறது. பெரிய பத்திரிகைகளுக்கும் இதே கதைதான், ஆனால் அங்கே ஒரு விளம்பரம் போனால் இன்னொன்று வரும். எங்கள் ஊரில் முழுப்பக்கம் கொடுக்கக் கூடியவர்களை இரண்டு கை விரல்களில் எண்ணிவிடலாம்.

ஒரு கால்வாய் வேலையைப் பற்றி விசாரித்துக்கொண்டிருந்தோம். வேலை முடிந்ததாகப் பணம் போய்விட்டது என்று பேச்சு. எங்கள் தண்டல் ஐயா அளவு நாடாவோடு போய்ப் பார்த்தால் பாதிக் கால்வாய்கூட கட்டவில்லை. விசாரிக்கத் தொடங்கிய அடுத்த வாரம் அந்தக் குத்தகையாளரே எனக்குப் போன் செய்தார். "தங்கச்சி, என்னமோ எழுதப் போறீங்கன்னு கேள்விப்பட்டேன், அது கிடக்கட்டும். இந்த வருசம் நமக்கு முழுப்பக்கம், கலர்ல போட்டுடுங்க. காசு இன்னைக்கே ஆள் விட்டு அனுப்புறேன்." ரொம்ப மரியாதையாகத்தான் பேசினார்.

இதில் எந்தப் பக்கம் திரும்பினாலும் வலைதான். காசை வாங்கிக்கொண்டு கட்டுரையை விட்டால், இதழ் விலை போய்விட்டது. வாங்கிக்கொண்டு கட்டுரையையும் போட்டால், "இன்னும் அதிகம் கேட்டாங்க, கொடுக்கல" என்பார். வாங்காமல் போட்டாலோ, "விளம்பரம் கேட்டு வந்தாங்க, இல்லேன்னு சொன்னதுக்குப் பழிவாங்குறாங்க" என்று ஊரெல்லாம் சொல்வார். ஊரும் நம்பும். ஏனென்றால் அப்படிச் செய்கிற ஆட்களும் இருக்கிறார்கள். கட்டுரையின் நகலைக் காட்டி விளம்பரம் பிடிப்பதையே தொழிலாக வைத்திருப்பவர்களை எனக்கே தெரியும்.

நான் செய்தது இதுதான். விளம்பரத்துக்கென்று தனிப் பதிவேடு. யார் முதலில் அணுகினார், நாமா அவரா, எந்தத் தேதி, யார் பேசினது, என்ன சொன்னார் என்று அன்றைக்கே எழுதிவிடுவது. செய்தி விசாரிக்கிறவர் விளம்பரம் பேசக் கூடாது, விளம்பரம் பேசுகிறவர் செய்தி விசாரிக்கக் கூடாது. ஆள் இல்லாத இதழில் இது கஷ்டம், ஆனாலும் விடாமல் பிடித்தோம். காசு கையில் வாங்குவதே இல்லை, செக் அல்லது வங்கிக் கணக்கு, எண் போட்ட ரசீது. விசாரணையில் இருக்கிறவர் பெயர் பதிவேட்டில் சிவப்பு மையில் ஏறிவிடும், அவரிடமிருந்து ஒரு வருடத்துக்கு எதுவும் வாங்குவதில்லை. மறுப்பதை வாயால் சொல்லாமல் கடிதமாகவே அனுப்புவோம். "தங்கள் நிறுவனம் தொடர்பான செய்தி ஒன்று எங்கள் பரிசீலனையில் இருப்பதால் தங்கள் விளம்பரத்தை ஏற்க இயலவில்லை" என்று இரண்டு வரி, தேதி, பதிவுத் தபால்.

கட்டுரை வந்தது. எதிர்பார்த்தபடியே நாங்கள் மிரட்டிப் பணம் கேட்டதாகப் போலீஸ் புகாரும் வந்தது. மிரட்டிப் பணம் பறித்தல் தண்டனைச் சட்டத்தில் பத்து வருடம் வரை சிறைக்குரிய குற்றம், விளையாட்டு இல்லை. ஆசிரியரையும் என்னையும் நிலையத்துக்குக் கூப்பிட்டார்கள். விசாரணை அதிகாரியிடம் பதிவேட்டையும் ரசீதுப் புத்தகத்தையும் மறுப்புக் கடிதத்தின் தபால் சீட்டையும் வைத்தேன். அவர் பக்கம் பக்கமாகப் புரட்டினார், நகல் எடுத்துக்கொண்டார், எங்கள் வாக்குமூலத்தைப் பதிவு செய்தார். அதற்குப் பிறகு எங்களை யாரும் கூப்பிடவில்லை. அந்தக் கடிதம் இல்லாமல் போயிருந்தால் எங்கள் வாய்வார்த்தைக்கு என்ன மதிப்பு?

பொன்னாடை இன்னொரு தொல்லை. விழாவுக்குப் போனால் ஆசிரியரை மேடைக்குக் கூப்பிட்டு மாலை, பொன்னாடை, கூடவே கையில் ஓர் உறை. நூறு பேர் முன்னால் திருப்பிக் கொடுத்தால் அவமதிப்பு, வாங்கிக்கொண்டால் 'பெட்ரோல் காசு' என்ற பெயரில் கைக்கூலி வாங்கினவர். ஊழல் தடுப்பு ஆணையச் சட்டம் 2009-இல் கையூட்டு என்பது அரசாங்க ஊழியருக்கு மட்டும் உரிய விஷயம் இல்லை, தனியாருக்காக வேலை பார்க்கிறவருக்கும் பொருந்தும் என்பது பத்திரிகைக்காரர்கள் பலருக்குத் தெரியாது. நாங்கள் பொன்னாடையை வைத்துக்கொண்டு, உறையை மறுநாள் கடிதத்தோடு திருப்பி அனுப்புவோம். சிலர் கோபித்துக்கொண்டார்கள். பிறகு விழாவுக்குக் கூப்பிடுவதே குறைந்துபோனது. எனக்கு அதில் வருத்தமே இல்லை, ஞாயிற்றுக்கிழமை மிச்சம்.

கால்வாய்க் கட்டுரைக்கான தகவல் எப்படி வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். ஓர் அலுவலகத்து ஊழியர் பிளாஸ்டிக் பையில் தாள்களோடு வந்தார். மேல் தாளிலேயே 'சூலிட்' முத்திரை, மலாயில் 'ரகசியம்' என்று அர்த்தம். அதை நகல் எடுக்கவும் இல்லை, வாங்கி வைக்கவும் இல்லை. 1972 அதிகாரபூர்வ ரகசியச் சட்டத்தில் குற்றம் நிரூபணமானால் குறைந்தது ஒரு வருடச் சிறை, கொடுத்தவருக்கு மட்டுமில்லை, வாங்கினவருக்கும் வம்பு. தகவல் தருவோர் பாதுகாப்புச் சட்டம் 2010 நம்மைக் காப்பாற்றும் என்று அவர் நினைத்திருந்தார். அந்தப் பாதுகாப்பு அமலாக்க அமைப்பிடம் சொல்கிறவருக்குத்தான், பத்திரிகையிடம் சொன்னால் கிடையாது. "முதல்ல எஸ்பிஆர்எம்-கிட்ட போங்க தம்பி, எங்ககிட்ட வந்தீங்கன்னு யார்கிட்டயும் சொல்லாதீங்க" என்று ஊழல் தடுப்பு ஆணையத்துக்கு அனுப்பிவைத்தோம். அங்கே கொடுக்கிற புகாரும் யார் மேலாவது குற்றம் சாட்டப்படும் வரை ரகசியமாக இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அதனால் "புகார் செய்யப்பட்டுள்ளது" என்று தலைப்புப் போடுகிற ஆசையையும் அடக்கிக்கொண்டோம்.

பிறகு எழுதியது எல்லாம் யார் வேண்டுமானாலும் பார்க்கக் கூடியதை வைத்துத்தான். வேலை நடந்த இடத்தில் நின்ற திட்டப் பலகை, அதில் இருந்த தொடக்க, முடிவுத் தேதிகள், தொகை. தண்டல் ஐயா அளந்த அளவு. அன்றைய நாளிதழைப் பக்கத்தில் பிடித்து எடுத்த படங்கள். சிலாங்கூரிலும் பினாங்கிலும் மாநிலத் தகவல் சுதந்திரச் சட்டம் இருக்கிறது, அங்கே இருப்பவர்கள் விண்ணப்பித்துக் கேட்கலாம். பேராக்கில் எங்களுக்கு அளவு நாடாதான்.

நிலத் திட்ட மோசடிகளைப் பற்றித்தான் நான் ரொம்ப நேரம் பேச விரும்புவேன். 1960-இல் துன் சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போய்ப் பாட்டாளிகளிடம் பத்துப் பத்து வெள்ளியாக (ரிங்கிட்) சேர்த்துத் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவினார். எல்லாரும் சேர்ந்து காசு போட்டால் நிலம் நமதாகும் என்ற நம்பிக்கை எங்கள் ஆட்களுக்கு அப்படி வந்தது. பின்னால் வந்த ஏமாற்றுக்காரர்கள் அதே நம்பிக்கையைத்தான் காசாக்கினார்கள். தோட்டம் கைமாறும், லயத்தைக் காலி செய்யச் சொல்வார்கள், வீடு இல்லாமல் தவிக்கிற நேரம் பார்த்து ஒருவர் கலர் புரோஷரும் எண் போட்ட மனை வரைபடமும் எடுத்துக்கொண்டு கோயில் மண்டபத்துக்கு வருவார். "புக்கிங் மட்டும் கட்டுங்க, மிச்சம் மெதுவா."

எங்கள் பக்கம் வந்தவரிடம் ஐம்பத்தைந்து வயதில் எடுத்த இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) பணத்தைக் கொண்டுபோய்க் கட்டிய பெரியவர்கள் இருந்தார்கள். நாங்கள் முதலில் செய்தது, கட்டினவர்கள் வீட்டுக்குப் போய் ரசீதுகளை வாங்கி அங்கேயே படம் எடுத்து, மூலத்தைத் திருப்பிக் கொடுத்தது. மூலத்தை ஒருபோதும் நம்மிடம் வைத்துக்கொள்ளக் கூடாது. காணாமல் போனால் அவருடைய வழக்கே போய்விடும்.

அடுத்தது நில அலுவலகம். புரோஷரில் இருந்த லோட் (மனை) எண்ணையும் முக்கிம் (மாவட்டத்தின் உட்பிரிவு) பெயரையும் எழுதிக் கொடுத்து, கவுண்டரில் கட்டணம் கட்டித் தனியார் தேடல் செய்தால் நிலப் பட்டாவின் விவரம் கைக்கு வரும். யார் பெயரில் இருக்கிறது, வங்கியில் அடமானம் இருக்கிறதா, கேவியட் (கைமாற்றத்தைத் தடுக்கும் பதிவு) போட்டிருக்கிறார்களா, நிலத்தின் வகை என்ன, 'சியாராட் ஞாத்தா' (நிலத்தை எதற்குப் பயன்படுத்தலாம் என்ற நிபந்தனை) என்ற இடத்தில் என்ன எழுதியிருக்கிறது. எங்கள் கைக்கு வந்த தாளில் உரிமையாளர் வேறு ஒருவர், வகை விவசாயம், வங்கியில் அடமானம். அங்கே வீடு கட்டவே முதலில் நிலத்தின் வகையை மாற்ற அனுமதி வாங்க வேண்டும். நிறுவனப் பதிவகத்தில் இயக்குநர்கள் யார் என்று தேடினோம். வீடமைப்பு மேம்பாட்டுச் சட்டம் 1966-இன்படி நான்கு வீட்டுக்கு மேல் கட்டி விற்கிறவருக்கு உரிமம் வேண்டும், விளம்பரம் செய்யவும் பெர்மிட் வேண்டும், ஒப்பந்தம் கையெழுத்தாகும் முன் புக்கிங் பணம் வாங்கவே கூடாது. புரோஷரில் உரிம எண்ணே இல்லை. இதெல்லாம் ஒரு கிராணி அலுவலக நேரத்தில் செய்கிற சாதாரண வேலை, துப்பறியும் வேலை எதுவும் இல்லை. பணம் கட்டுகிறதுக்கு முன்னால் யாராவது ஒருவர் அந்தக் கவுண்டருக்குப் போயிருந்தால் போதும்.

அவருக்குக் கேள்விகளைப் பதிவுத் தபாலில் அனுப்பி ஒரு வாரம் கொடுத்தோம். போனில் கத்தினார். கத்தினதில் பதிலாக இருந்ததை எழுதி, அவருக்கே வாசித்துக் காட்டி, அதையும் அச்சிட்டோம். கட்டுரையில் 'மோசடி' என்ற வார்த்தை ஓர் இடத்தில்கூட இல்லை. நிலம் இன்னார் பெயரில் இருக்கிறது, வகை இது, உரிம எண் இல்லை, இத்தனை ரசீது பார்த்தோம், அவர் சொன்னது இது. அவ்வளவுதான். "என்னா, சப்புன்னு இருக்கு, அவனை நாலு வார்த்தை திட்டலையே" என்று வாசகர்கள் குறைபட்டார்கள். வக்கீல் நோட்டீஸ் வந்தபோது அந்தச் சப்பைக் கட்டுரைதான் எங்களைக் காப்பாற்றியது. ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் தாள் எண் போட்டுப் பதில் அனுப்பினோம். வழக்கு வரவில்லை.

கோயில் கணக்கு எழுதினால் இதழ் நன்றாக விற்கும். அதனாலேயே நான் அதில் பயப்படுவேன். கோயிலில் எப்போதும் இரண்டு அணி. ஓர் அணி கொண்டுவந்து கொடுக்கிற தாளை அப்படியே போட்டால் அடுத்த தேர்தலுக்கு நாம் பிரசுரம் அடித்துக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். சங்கமாகப் பதிவு பெற்ற கோயில், ஆண்டுக் கூட்டம் முடிந்து 60 நாளுக்குள் சங்கப் பதிவிலாகாவுக்குக் கணக்கோடு அறிக்கை அனுப்ப வேண்டும். அது போனதா, கூட்டக் குறிப்பில் கணக்கு ஏற்கப்பட்டதா, இந்த இரண்டுக்கும் இரு தரப்பும் பதில் சொன்ன பிறகுதான் பக்கம் ஒதுக்குவோம். பாதிக் கதைகள் அங்கேயே கரைந்துவிடும்.

குற்றச் செய்தியில் செம்பனைக் குலைத் திருட்டு எங்களுக்கு அடிக்கடி வரும். பையன்கள் பிடிபடுவார்கள், படம் வாட்ஸ்அப்பில் சுற்றும், ஊருக்கே தெரியும். ஆனாலும் 18 வயதுக்குக் கீழே இருந்தால் 2001 சிறார் சட்டப்படி அடையாளம் வெளியிடக் கூடாது. பெயரை மறைத்துவிட்டு "பூசாரியின் மூத்த மகன்" என்று எழுதினால் சின்ன ஊரில் அதுவும் பெயர்தான். பள்ளி, லயத்தின் எண், அப்பாவின் வேலை எல்லாவற்றையும் வெட்டிவிடுவேன். நிருபர்கள் சண்டைக்கு வருவார்கள். மேலும், குலை வெட்டின பையனோடு செய்தி முடிந்துவிடக் கூடாது என்பது லோரி ஓட்டுநரின் வாதம், அவர் சொன்னது சரி. திருட்டுக் குலையை யாராவது எடை போட்டு வாங்கினால்தானே காசு? குலை வாங்குகிறவருக்கு மலேசிய செம்பனை எண்ணெய் வாரியத்தின் உரிமம் வேண்டும். அந்தக் கேள்வியைக் கேட்க ஆரம்பித்ததும்தான் டயர் கிழிந்தது.

பெரியவர்கள் கைதானாலும் பெயர் போடுவது குற்றம் சாட்டப்பட்ட பிறகுதான். நீதிமன்றத்தில் வெளிப்படையாக நடந்ததை நியாயமாக, பிழையில்லாமல், தாமதிக்காமல் எழுதினால் 1957 அவதூறுச் சட்டம் பாதுகாப்புத் தருகிறது. அதனால் நீதிமன்றச் செய்தியைக் கையில் வைத்து அடுத்த மாதத்துக்குத் தள்ளமாட்டோம். விடுதலையானால் அதே பக்கத்தில் அதே அளவு எழுத்தில் போடுவோம். விடுதலை வேறு, வழக்கிலிருந்து தற்காலிகமாக விடுவிப்பது வேறு. அதைக் குழப்பினால் இரண்டு பக்கமும் திட்டு விழும்.

2020 மார்ச்சில் கோவிட் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது. கடைகள் மூடின, விளம்பரம் நின்றது, இதழும் நின்றது. இப்போது இளைஞர்கள் முகநூலில் இதே வேலையைச் செய்கிறார்கள், சந்தேகம் கேட்டு வருகிறார்கள். பெர்மிட் வேண்டாமே என்று சந்தோஷப்படுகிறார்கள். இணையத்தில் போடும் முறையற்ற பதிவுகளைத் தண்டிக்கும் தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் 233-ஆவது பிரிவு அவர்களுக்காகவே காத்திருக்கிறது. சாட்சியச் சட்டத்தின் 114ஏ பிரிவுப்படி பக்கம் உங்கள் பெயரில் இருந்தால் வெளியிட்டது நீங்கள்தான் என்று முதலில் எடுத்துக்கொள்வார்கள், இல்லை என்று நிரூபிப்பது உங்கள் பாடு. வாசகர் போட்ட கருத்துகளுக்காக 2021-இல் மலேசியாகினி என்ற செய்தி இணையதளத்துக்கு ஐந்து லட்சம் ரிங்கிட் அபராதம் விதித்தது கூட்டரசு நீதிமன்றம். ஆகவே கருத்துப் பகுதியைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாவிட்டால் அதை மூடிவிடச் சொல்கிறேன். அப்புறம் விளம்பரப் பதிவேட்டைக் காட்டுகிறேன். அதற்குத்தான் ஆர்வம் குறைவு. "அக்கா, இன்னும் ஒரு விளம்பரமும் வரலையே" என்கிறார்கள். முதல் விளம்பரம் வருவதற்கு முன்னாலேயே அந்த நோட்டு இருக்க வேண்டும், வந்த பிறகு எழுதினால் தேதி பொருந்தாது.

அவதூறு வழக்குக்கு ஆறு வருடக் கெடு என்பதால் ஒவ்வொரு இதழின் கோப்பையும் அவ்வளவு காலம் என் வீட்டு ஸ்டோர் அறையில் வைத்திருந்தேன். கெடு முடிந்ததைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடுவேன். நிலத் திட்டக் கோப்பை மட்டும் போடவில்லை. பணம் கட்டினவர்கள் சேர்ந்து போட்ட வழக்கில் அவர்கள் பக்கம் தீர்ப்பு வந்தது, காசு வரவில்லை, நிறுவனத்தின் பெயரில் பிடிக்க ஒன்றும் இல்லை. தீர்ப்பின் பேரில் நடவடிக்கை எடுக்க 12 வருடம் இருக்கிறது. ரசீதைத் தொலைத்தவர்கள் இன்னும் வந்து நகல் கேட்கிறார்கள், எடுத்துக் கொடுக்கிறேன்.